பாட்டுக்கு நடுவே ஒரு திட்டு

பழைய டேப் ரெக்கார்டரைப் பார்த்ததும் "ஆகா, அந்தக் காலம் வருமா!" என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலம் வரவேண்டாம், அங்கேயே கிடக்கட்டும். போன ஆடி மாதம் எனக்கு வேண்டியிருந்தது ஓடுகிற டேப் செட் ஒன்று. அதுவும் உடனே. என் அண்ணன் மறுபடி பேசுவானா மாட்டானா என்பதே அதில்தான் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பெரம்பலூர்-அரியலூர் ரோட்டில் காலமெல்லாம் பிரைவேட் பஸ் ஓட்டியவன். சித்திரையில் ஒரு காலை, பல் தேய்க்கக் கொல்லைக்குப் போனவன் அங்கேயே சரிந்துவிட்டான். பக்கவாதம். கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன, வாய் மட்டும் வரவில்லை. எதற்கும் "தா" என்பான். தண்ணீருக்கும் தா, ஃபேனுக்கும் தா. நாங்கள் தப்பாக எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். 

திருச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "வார்த்தை உள்ளதான் இருக்கும்மா. யோசிச்சுப் பேசுறதுதான் அவருக்குக் கஷ்டம். ரொம்பப் பழகின பாட்டு, சாமி பேரு, கோவத்துல வர்ற திட்டு, இதெல்லாம் சில பேருக்குத் தானா வாயில வந்துடும். அத வச்சு மத்ததப் புடிச்சு இழுக்கலாம். ஆனா ரொம்பத் தள்ளிப் போடாதீங்க. ஆரம்ப மாசங்கதான் முக்கியம்."

அன்றைக்கே அண்ணியின் போனில் அவனுக்குப் பிடித்த பாட்டையெல்லாம் போட்டுவிட்டோம். கேட்டான். உதடு அசையவில்லை. மறுநாளும் போட்டோம். மூன்றாவது பாட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் பெரம்பலூரில் ஒரு துணிக்கடையில் புடவை காட்டுகிறவள். நாள் முழுக்கப் பேச்சுதான் என் பிழைப்பு. பார்டரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று எனக்கு அந்த கேசட் ஞாபகத்துக்கு வந்தது. கையிலிருந்த புடவையை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு அண்ணிக்குப் போன் செய்தேன்.

அந்த கேசட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரஞ்சன்குடி கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம் அப்பா திருச்சியிலிருந்து ஒரு டேப் செட் வாங்கிவந்தார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், மேலே கைப்பிடி. தூக்கிக்கொண்டு நடந்தால் தோள்பட்டை இறங்கிவிடும். கேசட் வாங்கிக் கட்டுப்படியாகுமா? அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் புதுப்பாட்டு போடுகிற நேரத்துக்கு அண்ணன் அதைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவான். டி.வி.க்கு முன்னால் ஸ்டூல் போட்டு, செட்டை ஏற்றி, சிவப்பு பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்குவான். அவ்வளவுதான், தெருவே வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். இருமல்காரர்கள் வாசலுக்குப் போய்விட வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறவள் உள்ளே வரக்கூடாது. அண்ணன் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எல்லோரையும் முறைத்தபடி நிற்பான். பத்தாவது படிக்கிற பயலுக்கு ஊரே பயந்து உட்கார்ந்திருந்தது.

நான் சும்மா இருக்கிற பிறவியா? எனக்கு ஏழோ எட்டோ வயது. மழைப்பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகியும் கூட்டமும் தொப்பலாக நனைந்துகொண்டு ஆடினார்கள். எவ்வளவு நேரம்தான் அடக்கிக்கொண்டிருப்பது? "அண்ணே, இவங்களுக்குச் சளி புடிக்காதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட மாத்திரத்தில் அண்ணன் கத்தினான். "ஏய், வாய மூடுடி கழுத!"

இரண்டும் கேசட்டில் ஏறிவிட்டன. அந்தப் பாட்டு மறுபடி எப்போது போடுவார்களோ தெரியாது. இருந்த ஒரே கேசட்டும் நிரம்பிவிட்டது. திட்டோடு சேர்த்துத்தான் அந்தப் பாட்டை எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டோம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அண்ணன் பஸ் ஓட்டப் போனபோது அந்த கேசட்டும் கூடவே போய்ச் சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் பிரைவேட் பஸ் என்றால் பாட்டுக்குத்தான் கூட்டம். நல்ல பாட்டுப் போடுகிற வண்டிக்காக முன்னால் வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பார்கள். மழைப்பாட்டு வந்ததும் அண்ணன் வண்டியில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். என் பிஞ்சுக்குரல் சளியைப் பற்றிக் கேட்டு முடிக்கும், உடனே பஸ்ஸே சேர்ந்து "ஏய், வாய மூடுடி கழுத!" என்று கத்தும். கண்டக்டர் விசில் அடிப்பார். ஆபீஸுக்குப் போகிறவர்கள், சிமெண்டு ஆலைக்கு ஷிப்ட் மாறப் போகிறவர்கள், கீரைக்கட்டோடு ஏறுகிற அம்மாக்கள், ஒருத்தர் பாக்கியில்லை.

அதே பஸ்ஸில்தான் நான் அரியலூருக்குத் தையல் பழகப் போய்க்கொண்டிருந்தேன். "என்னம்மா, சளி போயிடுச்சா?" என்பார் ஜன்னலோரத்து வாத்தியார். மானம் போகும். படிக்கட்டுப் பக்கம் நின்றபடி அண்ணனை முறைப்பேன், கண்ணாடியில் அவன் பல்லைக் காட்டுவான். ஒருநாள் கோபத்தில் பாதி வழியில் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ் வருகிறவரை வெயிலில் நின்றேன். சாயங்காலம் பரோட்டா பொட்டலத்தோடு வந்து, "நெசமாவே கழுததான் நீ" என்றான்.

பஸ்ஸில் பென் டிரைவ் வந்தபிறகு கேசட் வீட்டுக்கு வந்துவிட்டது. பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது என்று அண்ணி சொன்னாள். ஒரே ஓட்டமாகப் போய் வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பெரம்பலூரிலேயே கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு பையன் பழைய கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றித் தருவான் என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவசரம் தம்பி, அவசரம் என்று பத்துத் தடவை சொன்னேன். மழைப்பாட்டு முக்கியம் என்றும் சொன்னேன். என்ன முக்கியம் என்று சொல்லாமல் விட்டேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

பென் டிரைவை ஒரு ஸ்பீக்கரில் செருகி அண்ணன் கட்டில் பக்கத்தில் போட்டோம். பாட்டு கணீரென்று கேட்டது. மழைப்பாட்டு வந்தது. நான் அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சளியும் வரவில்லை, கழுதையும் வரவில்லை, பாட்டு வழுக்கிக்கொண்டு முடிந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான். எதையோ தொலைத்த முகம். "தா?" என்றான்.

நேராக வீடியோக் கடைக்குப் போனேன்.

"க்ளீன் பண்ணிட்டேன்க்கா" என்றான் அந்தப் பையன், பெருமையாக. "ஒரே எரைச்சல். நடுவுல எவனோ கத்துறான். அதான் எல்லாப் பாட்டையும் ஒரிஜினலாத் தேடி எடுத்துப் போட்டேன். எப்புடி?"

"அந்தக் கத்தலத்தான்டா நான் கேட்டேன்!"

கடையில் ஆல்பம் பார்த்துக்கொண்டிருந்த கல்யாண வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கம்ப்யூட்டரில் ஏற்றியதை அழித்துவிட்டானாம். கேசட் ஓட்டுகிற மிஷினும் அவனுடையது இல்லையாம், இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். பாவம், நல்லது செய்ததாகத்தான் நினைத்திருக்கிறான். எனக்கு அன்றைக்கு அந்தப் பாவமெல்லாம் தோன்றவில்லை. கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா வாங்கிய செட் மீன்சுருட்டியில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தது. மறுநாள் லீவு போட்டுவிட்டு அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி மாறிப் போனேன். அத்தை என்னை உட்காரச் சொல்வதற்குள் "டேப்பு எங்கத்த?" என்றேன்.

"அடியே, தண்ணியக் குடி மொதல்ல. பரண்ல இருக்கு. ஆயுத பூசைக்கு மட்டும் எறக்குவோம்."

இறக்கினால், எங்கள் செட்தான். ஓடி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், பூசையை மட்டும் ஒரு வருஷமும் விடவில்லை அத்தை. கைப்பிடியில், ஸ்பீக்கரில், பட்டனில், கேசட் போடுகிற கதவில், எங்கே பார்த்தாலும் சந்தனமும் குங்குமமும் அடை அடையாக. கதவைத் திறந்தால் உள்ளேயும் குங்குமம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஒங்கப்பன் வாங்குனதாச்சே, வெறும்னே வைக்கலாமா?" என்றாள் அத்தை.

மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். பார்க்கிறவர்களெல்லாம் தொட்டார்கள். "எங்க வூட்லயும் இருந்துச்சுங்க." "பென்சில் வுட்டுச் சுத்துவோமே." "ஓடுமா?" ஒருத்தர் பட்டனையே அமுக்கினார். "கைய எடுங்க சார்" என்று எரிந்து விழுந்தேன். அவர்களுக்கு என்ன, ஞாபகம் வந்தால் போதும். எனக்குச் சத்தம் வரவேண்டும்.

கீழப்பழுவூரில் ஒருத்தர் ரிப்பேர் பார்ப்பார் என்றார்கள். அரியலூரில் இறங்கி அங்கேயும் போனேன். அந்தக் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அரியலூருக்குத் திரும்பி வந்தேன். அங்கே ஒரு மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே கேசட்டைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட் தாராக உருகிக் கிடப்பதைக் காட்டினார். "ஆன்லைன்ல போட்டா வரும்க்கா. நாளாகும்." நாளாகும் என்ற வார்த்தையைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் செட்டைப் பிரித்துப் போட்டேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. உருகிய பெல்ட்டைத் துணியால் துடைத்தேன், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் குங்குமத்தை எடுத்தேன். அண்ணி சமையற்கட்டு ஆணியில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டுகளிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். ஹோட்டல் சாம்பார் பொட்டலத்தில் சுற்றி வருகிற ரப்பர் பேண்டு. "இது பத்துமா பாரும்மா." மாட்டினேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேசட்டைப் போட்டதும் "தா! தா!" என்று இடது கையை ஆட்டினான். என்னவென்று புரியவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அட, பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறேன். எடுத்துத் திருப்பிப் போட்டேன். தலையை ஆட்டினான்.

ஓடியது.

சாம்பார் ரப்பருக்கு அவ்வளவுதான் சக்தி. இழுத்து இழுத்துப் பாடியது. "என்னம்மா இது, பேய் பாடுற மாதிரி" என்றாள் அண்ணி. பக்கத்து வீட்டு நாய் குரைப்பும் வந்தது, யாரோ சொம்பைக் கீழே போட்ட சத்தமும் வந்தது. பிறகு மழைப்பாட்டு.  என் குரல், கட்டைக்குரலாகி, ஆடி அசைந்து சளியைப் பற்றிக் கேட்டது. அதன்பின் அண்ணன் குரல். பையன் குரலாக இருந்தது ரப்பர் பேண்டின் இழுவையில் பெரிய ஆள் குரலாக, இப்போதைய அவன் குரலாகவே, "ஏஏய்... வாஆய மூடுடி..." என்றது.

அண்ணன் கேட்டான். கண் மட்டும் நனைந்தது. வாய் அசையவில்லை.

எனக்கு மனசே விட்டுப்போய்விட்டது. இத்தனை அலைச்சலும் வீண். அழுகையை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பேசுவதுதான். பாட்டு ஓட ஓட அண்ணியிடம் ஆரம்பித்தேன். "இந்த ரப்பர் சரியில்ல அண்ணி, ஸ்பீடு வந்தாத்தான் அண்ணனுக்கு ஏறும், நாளைக்கே திருச்சிக்குப் போயி பெல்ட்டு கெடைக்குதான்னு பாக்குறேன், அந்த வீடியோக்காரப் பயல வுட்டேனா பாருங்க, டாக்டரம்மாகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டு, அப்பறம் இந்த மாத்திரைய..."

"வா... ய..."

செட்டிலிருந்து வந்ததென்று நினைத்தேன். செட்டில் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. திட்டு எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

"வாய... மூ... டு." அண்ணன் உதட்டில் இடது கை விரலை வைத்திருந்தான். முகத்தில் அதே முறைப்பு. பாட்டுக் கேட்கவிடாமல் நான் பேசிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் அவன் கோபம். "கழுத."

அண்ணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அழுகிற சத்தம் கேட்டால் மறுபடி முறைப்பானே. ரப்பர் பேண்டு இழுத்த இழுப்புக்கு அந்தப் பாட்டு முடியவே முடியாதோ என்றிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

பாட்டு முடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்ந்து போனேன்.

"அண்ணே, இன்னொரு தடவ திட்டுண்ணே."