சின்னப்பொண்ணு திருப்பிவிட்ட அம்பு

ஆதிமூலத்துக்குச் சின்னப்பொண்ணு மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. பல வருடமாக அதை வயிற்றிலேயே வைத்திருந்தான். ஊருக்குப் பின்னால் மலையடியில் கிடக்கும் அகலப் பாறைதான் அந்தத் தெருவுக்கே களம். நிலக்கடலையை அங்கேதான் காயப்போட வேண்டும். காலை வெயில் முதலில் விழுவது கிழக்கோரத்தில். அந்த இடத்தை ஒரு வருடம் சின்னப்பொண்ணு முந்திப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவே இல்லை. கேட்டால், "நீ கொறட்டை வுட்டு முடிச்சிட்டு வா கொழுந்தனாரே, மேற்கால நெழலு ஒனக்காவத்தான் காத்துக்கினு இருக்குது" என்பாள். அவள் புருஷன் ஆதிமூலத்துக்குப் பெரியப்பா மகன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் கேலி குறையவில்லை.

கல்லோடு வளர்ந்தவள் அவள். பிறந்த ஊரில் ஒரு குன்று இருந்தது. யாரோ வந்து வெள்ளைக் குறி போட்டார்கள். அடுத்து வெடி வைத்தார்கள். பாவாடை கட்டிய வயதில் அந்தக் குவாரியில்தான் ஜல்லி சுமந்தாள். குன்று பள்ளமாகி, அதில் தண்ணீர் நின்ற பிறகு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஆடு மேய்த்தும், சீசனில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சீத்தாப்பழம் விற்றும் மகளை நர்சுக்குப் படிக்கவைத்தாள்.

அப்படிப்பட்டவள், போன மாசியில் பாறையைக் கூட்டப்போன இடத்தில் வெள்ளையாக ஓர் அம்புக்குறியைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"கொழுந்தனாரே, குறி போட்டுட்டானுங்க!"

ஆதிமூலம் ஓடிவந்து பார்த்தான். பாறை போய்விட்டால் கடலையை எங்கே கொட்டுவது? "தாலுக்கா ஆபீஸுக்குப் போயி மனு குடுக்கலாமா அண்ணி?"

"நீ மனு எழுதி முடிக்கறதுக்குள்ள பாறை லாரி மேல ஏறிடும். தேங்கா நாரு எடுத்தா."

பாதி தேய்க்கும்போதே அவளுக்கு வேறு யோசனை வந்தது. குறி இல்லையென்றால் மறுபடி வந்து போடுவார்கள். வேறு இடத்தில் இருந்தால் அங்கே போய்விடுவார்கள். பொங்கலுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் குழைத்து, பக்கத்து நிலத்துக்காரன் கோவிந்தசாமியின் கொல்லையைப் பார்த்த மாதிரி ஒரு கல்லில் அழகாக அம்பு வரைந்தாள். "அவன் நெலம் பூரா பாறைதான. வெடிச்சா அவனுக்கு நல்லதுதான்" என்று நியாயமும் சொன்னாள்.

கோவிந்தசாமி சும்மா இருப்பானா? ஆதிமூலத்தின் மாட்டுக்கொட்டகைப் பக்கம் அதைத் திருப்பிவிட்டான். ஆதிமூலம் யோசிக்கவே இல்லை. அண்ணி வீட்டுப் பக்கம் திருப்பினான். கிழக்கோரத்துக் கோபம் கொஞ்சம் ஆறிய மாதிரி இருந்தது. மூன்று பேரும் மாறி மாறிப் போட்டதில், ஞாயிறு வருவதற்குள் மலையடியில் அம்பு இல்லாத கல்லே இல்லை.

ஞாயிறு காலை தொப்பியும் கைத்தடியுமாக ஒரு கூட்டம் வந்தது. கோவிந்தசாமி கொல்லையில் புகுந்து, மாட்டுக்கொட்டகையில் சாணியை மிதித்து, சின்னப்பொண்ணு வீட்டுத் துணிக்கொடிக்கு அடியில் குனிந்து, மறுபடியும் கோவிந்தசாமி கொல்லைக்கே போனது. இன்னொரு தடவை கொடிக்கடியில் தலைகள் வந்தபோது அவள் மறித்தாள். ஆதிமூலமும் கைவேலையை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

முன்னால் வந்த பெண்ணுக்கு மூச்சிரைத்தது. பெயர் மோனிகா, புதுச்சேரியில் நடைக்குழு நடத்துகிறவள். "ஆன்ட்டி, மலையைச் சுத்தி வர்ற வழிக்கு நாங்கதான் அம்பு போட்டோம். இப்ப எங்க பாத்தாலும் அம்பா இருக்கு."

"சுத்தி எங்க போவணும்?"

"எங்கயும் இல்ல. கிளம்புன எடத்துக்கே வரணும்."

"வேண்டுதலா?"

"இல்ல ஆன்ட்டி. சும்மா நடக்கறது. இனிமே வாராவாரம் வருவோம்."

"அப்ப வெடி வெக்க வரல?" என்றான் ஆதிமூலம். மோனிகா இரண்டடி பின்னால் போனாள்.

சின்னப்பொண்ணு அவர்களைப் பாறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். அவளையும் நடுவில் நிற்கவைத்து எடுத்தார்கள்.

கூட்டம் போனதும் ஆதிமூலம் முணுமுணுத்தான். "வேலவெட்டி இல்லாததுங்க."

"வாயக் கழுவு. வாராவாரம் டவுன் ஜனம் ஒக்காந்து போட்டோ புடிக்கிற பாறையில எவன் வெடி வெப்பான்? நாளைக்கு நெசமாவே எவனாச்சும் குறி போட வந்தா, கேக்க ஆளு வேணாமா?"

அன்றே கண்ட அம்புகளையெல்லாம் அழித்து, வழியைப் பாறைக்குத் திருப்பினாள். காயும் கடலையை மிதிக்காமல் போக, ஓரமாக வளைத்தும் ஒன்று போட்டாள்.

ஆடியில் அவளுக்கு மூட்டு வலி முற்றியது. ஆபரேஷனுக்கு மகள் சென்னைக்கு அழைத்துப்போனாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஆதிமூலம்தான் பையைத் தூக்கி ஏற்றினான். பஸ் நகரும்போது அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"மழ பேஞ்சா சுண்ணாம்பு கரைஞ்சிடும், திரும்ப அடிச்சிடு. அந்தப் பொண்ணு கூட்டம் வராத வாரத்துல பாறை வெறிச்சோடிக் கெடக்கக் கூடாது. நீயே மலைய ஒரு சுத்து சுத்திட்டு வந்து அதும்மேல ஒக்காரு."

"நானா? இன்னாத்துக்கு?"

"சும்மாத்தான். அந்தப் பொண்ணு மறந்து வுட்டுட்டுப் போன தொப்பி என் ஊட்டு ஆணியில தொங்குது, எடுத்துப் போட்டுக்க. தூரத்துல இருந்து பாக்கறவனுக்கு டவுன் ஆளு மாதிரி தெரியணும்."