எங்கள் அட்டைகளுக்கு வந்த பூட்டு

தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தோல் பை வெட்ட அளவெடுத்து நறுக்கிய அட்டையை ஒரு பட்டறைக்காரர் கேட்டால் இன்னொருவர் கொடுத்துவிடுவார். வேலை முடிந்ததும் திரும்பி வரும். சில சமயம் பிசகைத் திருத்தியே வரும். என் அக்கா வீட்டுக்காரர் அங்கேதான் பட்டறை வைத்திருக்கிறார்.

நான் அந்தச் சந்தில் வளர்ந்து, இப்போது செம்பூரில் குடியிருக்கும் சாஃப்ட்வேர்க்காரன். அந்த அட்டைகளைக் கணினியில் வரைய ஒரு மென்பொருள் இருந்தது. இலவசம்; நிரலும் ஊருக்கே திறந்து கிடந்தது. அதை நடத்திய சின்னக் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஓசியில் நிரல் எழுதிக் கொடுத்தேன். “இதுவும் நம்ம சந்து மாதிரிதான் அத்தான்” என்று சொன்னது நான்தான். அவரும் நம்பி, தன் அட்டைகளையெல்லாம் வரைந்து, இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த அதன் பொது அலமாரியில் ஏற்றினார். மழையில் ஊறிய பழைய அட்டைகளைத் தைரியமாகத் தூக்கிப் போட்டுவிட்டார்.

பிறகு ஒரு பெரிய கம்பெனி அந்தச் சின்னக் கம்பெனியை வாங்கியது. எதுவும் மாறாது, நீங்கள்தான் எங்கள் உயிர் என்று மெயில் வந்தது. அடேயப்பா, என்ன பாசம்! சில மாதத்தில் அலமாரிக்குப் பூட்டு விழுந்தது. திறக்க வருஷச் சந்தா, அதுவும் டாலரில். அத்தான் வரைந்த லேப்டாப் பை அட்டை அலமாரியின் முகப்பிலேயே இருந்தது, அவர்களுடைய முத்திரையோடு.

“என்ன மாப்ளே இது? என் அட்டைக்கு நானே துட்டு கட்டணுமா?”

“கண்டிஷன்ல அப்படித்தான் இருக்கு அத்தான். ஏத்தும்போது ஓகே அழுத்தினோம்லா.”

“நம்ம சந்துல எவன் மாப்ளே ஓகே கேக்கான்?”

பெரிய கம்பெனிக்கு மெயில் போட்டேன். “நிரல் இன்றும் இலவசம்தானே, எடுத்து நீங்களே நடத்திக்கொள்ளுங்கள்” என்று பதில் அனுப்பினார்கள். வாஸ்தவம்தான். நிரல் எங்களிடம், அட்டைகள் அவர்கள் சர்வரில். சோற்றைத் தின்றுவிட்டுப் பானையைத் திருப்பிக் கொடுக்கிற நியாயம். கட்சி கட்டி அவர்களுக்காக இத்தனை வருஷம் வாதாடிய என் வாயில் அடிக்க வேண்டும்.

ஆர்டர் கொடுத்த தாதர் சேட்டு தினமும் போனில் நெருக்கினார். வேறு வழியில்லாமல் அத்தான் சந்தாவைக் கட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மனசு கேட்காமல் மறுவாரம் பட்டறைக்குப் போனேன்.

“நானே புதுசா ஒண்ணு எழுதித் தாறேன் அத்தான். இலவசமா.”

அவர் தோலிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இலவசம்னு மட்டும் சொல்லாத மாப்ளே, பயமா இருக்கு. என்ன துட்டுன்னு முதல்லயே சொல்லிரு.”