நெல் டிரம்முக்குள் இருந்த வெள்ளை ஒயின்

காலை ஆறரைக்குப் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் இறங்கினேன். புதுச்சேரியிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. திருமயம் இன்னும் இருபது கிலோமீட்டர். டிக்கெட் இருபது ரூபாய். பையில் மூன்று கண்ணாடிக் கோப்பைகள் என்றதும் கண்டக்டர் முன் சீட்டைக் காட்டினார்.

இத்தனை பாடும் ஒரு பாட்டிலுக்காக. நான் ஒயின் பரிமாறும் ஹோட்டலில் சமையல்காரராக இருந்தவர் சேவியர். பன்னிரண்டு வருடம் முன்பு அவர் ஊர் திரும்பியபோது முதலாளி ஒரு பிரெஞ்சு வெள்ளை ஒயின் கொடுத்தார். பிறகு சேவியர் மாதா கோவிலில் சத்தியம் செய்து குடியை விட்டார், ஒன்பது வருடமாகிறது. பாட்டிலை மட்டும், இருபத்தைந்தாவது கல்யாண நாளில் விருந்தாளிகளுக்குத் தருவதற்காக, நெல் டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தார்.

போன வாரம் நெல் அள்ளிய மனைவி லூர்து மேரி அதை வெளியே எடுத்துப் பார்த்திருக்கிறார். தண்ணீர்போல இருந்த ஒயின் பாலில்லாத டீ நிறமாகியிருந்தது. மூடிமேல் சுற்றியிருந்த தாளும் கிழிந்திருந்தது. சேவியர்தான் குடித்துவிட்டு டீத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டார் என்று முடிவுகட்டி, கணவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். வந்து பார்த்துச் சொல்லும்படி சேவியர் எனக்குப் போன் செய்தார்.

எட்டு மணிக்குத் திருமயத்தில் சேவியர் வீட்டை அடைந்தேன். மேரி, "வாங்கண்ணே, இங்கிட்டு உக்காருங்க" என்று காப்பி கொடுத்தார். சேவியருக்கு டம்ளரை வைத்த சத்தத்திலேயே நிலவரம் புரிந்தது.

கல்யாண நாள் வரை பொறுக்க முடியாது, இப்போதே திறந்துவிடுங்கள் என்றார் சேவியர். திறக்குமுன் கார்க்கை மேரியிடம் காட்டினேன். கார்க்கைப் பிடுங்கும் திருகாணி இறங்கிய ஓட்டை அதில் இல்லை; அதாவது பாட்டிலை யாரும் திறக்கவில்லை. தாள் நெல்லில் உரசிக் கிழிந்திருக்கும் என்பதையும், வெள்ளை ஒயின் வயதாக ஆக நிறம் ஏறும் என்பதையும் சொன்னேன். இனி அது புளித்துக் காடியாகாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு வாயில் வைத்தேன். புளிப்பு அடங்கி, தேனும் வறுத்த பாதாமும் காய்ந்த ஆரஞ்சுத் தோலுமாக நாக்கில் நெடுநேரம் நின்றது. எங்கள் வெயிலில் கொஞ்சம் களைத்திருந்தது, அவ்வளவுதான்.

சேவியர் மோந்து பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். மேரி ஒரு மிடறு குடித்தார்.

"நீங்க குடிக்கலைன்னு இந்த பாட்டில் வந்து சாட்சி சொல்ல வேண்டியதாப் போச்சே. ஒம்பது வருசமாப் பக்கத்துல இருக்கிற நான்ல அதச் சொல்லிருக்கணும்."

சேவியர், "ருசி எப்புடி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மேரி சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டுமாவடிக் கடல் நண்டுக் குழம்போடு சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். வயதான வெள்ளை ஒயினின் நிறத்தை அறிவது என் தொழில். அப்படியும் சேவியரின் போன் வந்த அன்று, உள்ளே இருப்பது டீதான் என்று நானும் நினைத்தேன். மேரி தன் தவறை வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நான் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.