அத்தானின் ஐந்து டாலரும் அறுப்பின் பண்டிகை ஏலமும்

என் அக்கா மெட்டில்டாவைக் கட்டியவர் வேதசிரோமணி. எனக்கு அத்தான். நல்ல மனுஷர், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனாலும் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து மெட்ராசுக்கு வந்த நாளிலிருந்து கல்யாணமாகிப் போகும்வரை அவர் வீட்டில் தங்கியிருந்தவள் நான். அந்த உரிமையில் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அத்தானுக்குப் பாரிமுனையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை. வீடு பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில். காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போவார். எலக்ட்ரிக் டிரெயினில் ஜன்னலோரமாக இடம் பிடித்து, பீச் ஸ்டேஷன் வரும்வரை தூங்குவார். சாயங்காலம் எதிர்ப்பக்கம் பார்த்துத் தூங்கிக்கொண்டே திரும்பி வருவார். இப்படிப்பட்டவருக்கு அமெரிக்காவின் பழைய காகித நோட்டுகள் மேல் கிறுக்குப் பிடிக்கும் என்று யார் கண்டார்கள்?

எல்லாம் கோழியால் வந்தது. கல்யாணமான புதிதில், வீட்டில் கோழி வளர்த்தால் நல்ல வரும்படி என்று ரயிலில் யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். உடனே மூர் மார்க்கெட்டுக்குப் போய்க் கோழி வளர்ப்பு பற்றி ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்தார். அதற்குள் பக்க அடையாளத்துக்காக எவரோ ஒரு நோட்டை வைத்திருந்தார்கள். அமெரிக்க ஐந்து டாலர், 1899ஆம் வருஷத்தது. இப்போதைய டாலரைவிட நீளம், அகலம் எல்லாம் அதிகம். நடுவில் தலை நிறைய இறகு வைத்த ஒரு செவ்விந்தியத் தலைவர் நம்மை முறைத்துப் பார்ப்பார். கோழி ஒன்றுகூட வீட்டுக்கு வரவில்லை. அந்தத் தலைவர் மட்டும் வந்து தங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அத்தானைப் பிடிக்க முடியவில்லை. தாம்பரத்தில் கல்லூரிப் பேராசிரியர் யாராவது சாமான் கட்டிக்கொண்டு அமெரிக்கா திரும்புகிறார் என்று தெரிந்தால் வழியனுப்ப முதல் ஆளாக நிற்பார். போகிறவர் மனமிரங்கிப் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்தால் அன்று வீட்டில் பண்டிகை. அப்படித்தான் உள்நாட்டுச் சண்டைக் காலத்து நோட்டு ஒன்று வந்தது. தென் மாநிலங்கள் தனியாகப் பிரிந்து போய் அச்சடித்துக்கொண்டது. அரசாங்கமே தோற்றுப் போனதால் நோட்டும் செல்லாமல் போய்விட்டது. அதே சண்டையில் மக்கள் சில்லறையைப் பதுக்கிவிட்டதால், பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட்டுக்குக்கூட அங்கே துண்டுக் காகிதம் அடித்தார்களாம். அதிலும் ஒன்று அத்தானிடம் இருந்தது. கடைக்காரர் சில்லறை இல்லையென்று மிட்டாய் கொடுத்தால் போதும், அத்தான் கடை வாசலிலேயே அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

இந்தச் சொத்தையெல்லாம் அவர் வைத்திருந்த இடம் வேறெங்கும் இல்லை, குடும்ப வேதப்புத்தகம். பெரியது, கனமானது, வைத்தது கசங்காது, திருடனும் தொடமாட்டான் என்பது அவர் கணக்கு. அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. தோற்றுப் போன அரசாங்கத்தின் நோட்டு புலம்பல் ஆகமத்தில். துண்டுச் சில்லறை நோட்டு, ஒரே அதிகாரமுள்ள யூதாவின் நிருபத்தில். செவ்விந்தியத் தலைவர் ஐந்து டாலர் என்பதால் தானியேல் ஐந்தாம் அதிகாரத்தில். ஆலயத்தில் போதகர் புலம்பலிலிருந்து வாசிக்கும்போது ஊரெல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும். அத்தான் மட்டும் புன்னகையோடு உட்கார்ந்திருப்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

மற்ற நோட்டுகள் எப்படியோ, அந்தத் தலைவர் நோட்டு அவருக்கு உயிர். ஆபீசில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்து அந்த நோட்டைக் கையில் எடுத்தார் என்றால் முதுகு நிமிர்ந்துவிடும். தலைவர் தலையிலிருப்பது அவருடைய தொப்பியே இல்லையாம். அவர் குலத்துத் தொப்பி உயரமாக இருந்து படத்துக்குள் அடங்காததால், ஆகாத வேறொரு குலத்தின் தொப்பியை மாட்டிவிட்டார்களாம். இதைச் சொல்லி முடித்துவிட்டு, "என் வாழ்க்கையில தானா தேடி வந்த அதிர்ஷ்டம் இது ஒண்ணுதான்" என்பார். காப்பித் தட்டோடு அக்கா பக்கத்தில் நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா தம்ளரை வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

1968ஆம் வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு அத்தானின் அக்கா தபீதாள் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ஜெபத்தில் கெட்டி. காதுதான் கொஞ்சம் மந்தம். கண்ணும் மங்கிவிட்டதால், பெரிய எழுத்து என்று குடும்ப வேதப்புத்தகத்தையே மடியில் வைத்துக்கொண்டு தினமும் வாசித்தார்கள். அத்தானுக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆனாலும் தமக்கையிடம் வேதம் வாசிக்காதே என்று எந்தத் தம்பி சொல்ல முடியும்? அந்தச் சமயம் பார்த்து ஆபீசில் வருஷக் கணக்கு வேலை, இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார்.

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆராதனைக்குக் காய்கறி, கோழி, வாழைத்தார், கேக் என்று அவரவரால் முடிந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஓர் எலுமிச்சம்பழம் பத்து ரூபாய்க்குப் போகும். சபைக்குப் போகிற பணம்தானே என்று ஒருவரையொருவர் ஏற்றிவிடுவதுதான் அங்கே புண்ணியம். எடுத்தவரைப் பார்த்து, "வூட்டுக்கா, சபைக்கா?" என்று ஏலம் விடுகிறவர் கேட்பார். கௌரவம் உள்ளவர்கள் "சபைக்கே" என்று திருப்பிக் கொடுப்பார்கள். அதே பழம் மறுபடி ஏலத்துக்கு வரும். அத்தான் சபைக் கமிட்டி செக்ரட்டரி. வருஷா வருஷம் ஒரு சுரைக்காயையோ கீரைக்கட்டையோ எடுத்து, "சபைக்கே" என்று ராகம் போட்டுச் சொல்லிக் கைதட்டு வாங்குவது அவர் வழக்கம்.

அந்த வருஷம் ஏலம் விட்டவர் யேசுதாசன். தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார், மைக் வேண்டாத தொண்டை. பூசணிக்காய் போனது, சேவல் போனது. பிறகு தட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"இது காணிக்கைப் பைல வந்த வெளிநாட்டு நோட்டு. பேங்குல எட்தும் போனா பேஜாரு. அதான் ஏலத்துல வுடச் சொல்லிக்கிறாரு போதகரு. எறகு வெச்சிகினு ஒர்த்தர் மொறைக்கிறாரு பாரு. யாருக்கு வோணும்?"

அத்தான் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். காது மந்தம் என்று ஆண்கள் பக்கத்திலேயே தன்னோடு உட்கார வைத்திருந்த தமக்கையிடம் குனிந்து ஏதோ கேட்டார். தபீதாள் அம்மாள் பந்தல் முழுக்கக் கேட்கும்படி இரகசியம் சொன்னார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் பொருத்தனை பண்ணிய பணத்தை, அதாவது கர்த்தருக்கு நேர்ந்துகொண்டதை, வேதப்புத்தகத்துக்குள்தான் எடுத்து வைப்போம். வேதத்தில் வைத்த பணம் கர்த்தருடைய பணம். தானியேலில் ஒரு நோட்டைப் பார்த்தார்கள், தம்பி பொருத்தனை பண்ணிவிட்டுச் செலுத்த மறந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தார்கள், காலையில் அவர்களே பையில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். சொல்லும்போது அந்த முகத்தில் எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்.

தவறு நடந்துவிட்டது, நோட்டைக் கொடுங்கள் என்று அத்தான் எழுந்து கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அதுதான் முடியாது. அதற்கு முந்தின வருஷம் பெருங்களத்தூர் சாலமோன் அவசரத்தில் காணிக்கைக் கவர் என்று நினைத்து ரயில் சீசன் டிக்கெட் கவரைப் பையில் போட்டுவிட்டார். திருப்பிக் கேட்டபோது, படைத்தது படைத்ததுதான், வேண்டுமானால் ஏலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னவர் கமிட்டி செக்ரட்டரி வேதசிரோமணி. பாவம் சாலமோன், தன் சீசன் டிக்கெட்டுக்குத் தானே ஏலம் கேட்டார். அந்தச் சாலமோன் இப்போது முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. அத்தான் கையைத் தூக்கி ஐந்து ரூபாய் என்றார். உடனே தேவானந்தம் ஆறு என்றார். அவர் எங்கள் பக்கத்தில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த கான்ட்ராக்டர். கையில் காசு புழங்கும். எது வந்தாலும் ஏற்றிவிடுவார். அத்தான் ஏறினார், அவரும் ஏறினார். இருபத்தைந்து ரூபாயில் தேவானந்தம் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். அத்தான் மூச்சு விட்டார், நானும் விட்டேன்.

"அண்ணன் எட்துக்கினாரு. வூட்டுக்கா, சபைக்கா?" என்றார் யேசுதாசன்.

"சபைக்கே" என்றார் அத்தான். அதே ராகம்.

நான் பொய் சொல்லவில்லை. பல வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பந்தல் முழுக்கக் கைதட்டல். கைதட்டல் ஓய்வதற்குள் என்ன செய்தோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. திறந்த வாயை மூடாமல் நின்றார். இத்தனை வருஷம் அந்த மனுஷரைக் கேலி செய்தவள் நான். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை.

நோட்டு மறுபடி ஏலத்துக்கு வந்தது. முதல் இருபத்தைந்தும் கட்ட வேண்டும், இனிக் கேட்பதையும் கட்ட வேண்டும். குமாஸ்தா சம்பளத்தில் எவ்வளவு தாங்கும்? அத்தான் பத்து என்றார், தேவானந்தம் இருபது என்றார். அத்தான் இருபத்தைந்து என்றார், அவர் முப்பது என்றார். அத்தான் குரல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டார். யேசுதாசன் "முப்பது ஒரு தரம்" என்று ஆரம்பித்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நாப்பது" என்றது.

எங்கள் ஏலத்தில் பெண்கள் வாய் திறப்பதில்லை. கணவனையோ தம்பியையோ இடித்துக் கேட்கச் சொல்வதோடு சரி. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பாதவர் அத்தான் ஒருவர்தான். புதிதாக ஓர் எதிரி முளைத்துவிட்டார் என்று நினைத்து, சம்பளக் கணக்கையும் மறந்து, குனிந்த தலை நிமிராமல் "நாப்பத்தஞ்சு" என்றார். குரல் "அம்பது" என்றது. இவர் "அம்பத்தஞ்சு" என்றார். தினமும் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் அது. அந்த மனுஷருக்கு அடையாளம் தெரியவில்லை.

"அறுபது. ஏங்க, நான்தான். உங்களுக்குத்தான் எடுக்கிறேன், பேசாம உக்காருங்க."

அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பந்தலில் சிரிப்பு வெடித்தது. தேவானந்தம் எழுந்து அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாலமோன்கூடச் சிரித்தார். அறுபது ரூபாய் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். அக்கா ஆரம்பப் பள்ளி டீச்சர். பிரஷர் குக்கர் வாங்க வேண்டும் என்று டியூஷன் காசைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வூட்டுக்கா சபைக்கா என்று யேசுதாசன் முடிப்பதற்குள், "வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு நோட்டை வாங்கக் கையை நீட்டினாள்.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் நான்கு பேரும் நடந்தோம். நோட்டு அக்காவின் கைப்பையில் இருந்தது. தம்பியின் பொருத்தனை இரண்டு மடங்காக நிறைவேறிவிட்டது என்று தபீதாள் அம்மாள் கர்த்தரைத் துதித்துக்கொண்டே முன்னால் போனார்கள். அத்தான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு மெதுவாக, குக்கர் காசைப் போட்டு எதற்கு எடுத்தாய் என்று கேட்டார். உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்காதே என்றும் சொன்னார்.

"பிடிக்காதுதான்" என்றாள் அக்கா. "ஆனா அந்தத் தலைவர் என்னோட ஒண்ணா இந்த வீட்டுக்கு வந்தவர். பன்னெண்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். அவரை மட்டும் தேவானந்தம் வீட்டுக்கு அனுப்பிட்டு நான் எப்படி இங்க இருக்கிறது?"

அத்தான் நின்றுவிட்டார். சைக்கிளும் நின்றது.

"ஒண்ணா வரல மெட்டில்டா" என்றார். "நீ வந்தது மே பதினெட்டு. அவர் வந்தது ஜூன் மூணு. நீதான் முதல்ல."

இதைச் சொல்ல அந்த மனுஷருக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது. அதுவும் தேதி திருத்துகிற சாக்கில்தான் சொல்ல வந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிள் ஹேண்டில்பாரின் ஒரு பக்கத்தைத் தானும் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.