பயந்துகொண்டே போனவள்

வீட்டில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். மிக்ஸி ஓடினால் திடுக்கிடுவாள். அழைப்புமணி அடித்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், அது அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள், வெளிநாட்டுக்குப் போய்ப் புள்ளியியலில் மேல்படிப்பு படிக்க விண்ணப்பம் போடப்போகிறேன் என்றாள். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அம்மா மெஷினை நிறுத்தினாள்.

“எது, புள்ளியியலா? புள்ளி வைக்கறதுக்கா அவ்வளவு தூரம் போகணும்?”

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவுப் பிரிவில். தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாத அறை. மேலே வார்டுகளில் யார் வந்தார்கள், யாருக்குத் தொற்று ஏற்பட்டது, யார் வீடு திரும்பினார்கள், யார் திரும்பவில்லை என்பதெல்லாம் அவள் மேஜைக்கு எண்களாக இறங்கி வரும். மாதக் கடைசியில் அவற்றை அட்டவணையாக்கி மேலே அனுப்புவாள். அந்த அறை அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை.

ஒரு முறை அறுவைசிகிச்சை வார்டில் தொற்று தொடர்ந்து மூன்று மாதம் ஏறியது. பெரிய எண்கள் இல்லை. நாலு, ஆறு, ஒன்பது என்ற அளவுதான். ஆனால் அவளுடைய அட்டவணையைத் திரையில் போட்டுப் பார்த்த கூட்டத்தில் அது மலையாகத் தெரிந்திருக்கிறது. அந்த வார்டின் தலைமை நர்ஸைப் போர்வை, விரிப்பு வைக்கும் துணி ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் “சாப்டியாம்மா?” என்று கேட்கிற பெண்மணி அவர். மாற்றல் உத்தரவு வந்த அன்று கீழே இறங்கி வந்தார்.

“கணக்கு சரிதானேம்மா?”

“சரிதான் சிஸ்டர்.”

“அப்போ என் தப்புதான் போல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த ஏற்றம் நிஜமான ஏற்றமா, இல்லை நாணயத்தைச் சுண்டும்போது ஒரே பக்கம் தொடர்ந்து விழுகிற மாதிரி தற்செயலா? அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரிவுத் தலைவரிடம் கேட்டாள். “அதெல்லாம் நம்ம வேலையாம்மா? நம்பரை மேல அனுப்பறதோட நம்ம வேலை முடிஞ்சுது” என்றார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அட்டவணையை அனுப்புவதற்கு முன் மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தாள். இந்த மாதம் யாருக்கு என்ன ஆகுமோ என்று பயந்தாள். இதைப் படித்தவர்கள் எங்கோ இருக்கிறார்கள், இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். இது தெரியவில்லையே என்ற பயம் மற்ற பயங்களைவிடப் பெரிதாக வளர்ந்தபோதுதான் விண்ணப்பம் என்ற பேச்சையே எடுத்தாள்.

எடுத்த பிறகு பயம் கிளை விட்டது. பரிந்துரைக் கடிதம் கேட்டால் பிரிவுத் தலைவருக்கு விஷயம் தெரிந்துவிடும். கேட்டாள். “தாராளமா எழுதறேன். கிடைக்கலன்னா மறுபடியும் என் மூஞ்சியிலதானே முழிக்கணும்” என்று அவர் வேடிக்கையாகச் சொன்னது ஒரு வாரம் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது.

ஆங்கிலத் தேர்வு இன்னும் மோசம். தடுப்பு வைத்த சிறு மேஜைகள், காதில் ஹெட்போன், எல்லோரும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரிடம் பேசவேண்டும். உங்களுக்குப் பிடித்த இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று திரையில் கேள்வி வந்தது. நூலகத்தைப் பற்றி நெட்டுருப் போட்டு வைத்திருந்தாள். பக்கத்து மேஜைக்காரன் கடற்கரையைப் பற்றி முழங்க ஆரம்பித்தான். அவள் வாயிலிருந்தும் கடற்கரையே வந்தது. அலையில் நீந்துவது தனக்கு எவ்வளவு இஷ்டம் என்று நேரம் முடியும்வரை பேசினாள். அவளுக்கு நீச்சலே தெரியாது. எப்படியோ மதிப்பெண் தேறிவிட்டது.

மூன்று பரிந்துரைகள் வேண்டும். தலைவர் அனுப்பிவிட்டார், கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவரும் அனுப்பிவிட்டார். மூன்றாவது, கணிதப் பேராசிரியர். விடைத்தாளில் வாரி வாரிப் பூஜ்யம் போடுவதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூஜ்யம் சார். அவளுக்கும் ஒன்று போட்டிருக்கிறார். போனில் கேட்டபோது “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்றே நின்றது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன் பார்ப்பாள், சாப்பாட்டு வேளையில் பார்ப்பாள், பஸ்ஸில் பார்ப்பாள். கடைசி நாள் நெருங்கியது. வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனாள்.

பேராசிரியரின் மனைவிதான் கதவைத் திறந்தார். உள்ளே சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பிறகு இளைத்திருந்தார்.

“நான் எழுத மாட்டேன்மா” என்றார், அவள் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள்ளேயே.

“என்ன தப்பு சார் பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. உனக்கு முன்னாடி ஒருத்தனுக்கு எழுதிக் குடுத்தேன். என்கிட்ட படிச்சவங்கள்ல அவன்தான் கெட்டிக்காரன். பயமா இருக்காடான்னு கேட்டேன். எனக்கா சார்னு சிரிச்சான். ஒரே வருஷம். திரும்பி வந்துட்டான். படிப்பு வராம இல்ல, ஆளே உடைஞ்சு போய் வந்தான். அவங்கம்மா இங்க வந்து, நீ உக்காந்திருக்கியே, அதே இடத்துல உக்காந்து அழுதாங்க. ‘அவ்வளவு நல்லா எழுதி அனுப்பினீங்களே சார்’னு கேட்டாங்க. நான் என்ன சொல்றது?”

அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. ஒரு வகுப்பையே நடுங்க வைத்த மனிதர் பயப்படுகிறார் என்பது அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எங்கிருந்தோ பேச்சு வந்தது.

“சார், எனக்குப் பயமாத்தான் இருக்கு. உங்க கேட்டைத் தொட்டுட்டு, பயந்து தெருமுனை வரைக்கும் போயிட்டு மறுபடி வந்தேன். போன் எடுக்க பயம், லிஃப்ட்ல ஏற பயம். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். பயத்தை வச்சுக்கிட்டு எப்படி வேலைக்குப் போறது, எப்படிச் சாப்பிடறது, எப்படித் தூங்கறதுன்னு எனக்குத் தெரியும் சார். எனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயமே அது ஒண்ணுதான்.”

உள்ளேயிருந்து பேராசிரியரின் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. சார் சிரிக்கவில்லை.

“இவ்வளவு பயத்தோட எதுக்குப் போகணும்?”

நர்ஸின் கதையைச் சொன்னாள். சார் நோயாளிகள் எத்தனை பேர் என்று விசாரித்தார், மேலே பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“இதை வச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாதே. அந்தம்மா மேல தப்புன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது.”

“அதைச் சொல்ல அந்த மீட்டிங் ரூம்ல ஒரு ஆள் இல்லயே சார்.”

அவர் எழுந்து கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் போனார். “நீ இங்க இருக்கக்கூடாது. இது ரகசியம்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் ஒரு விரலால் தட்டுகிறவர். டக். டக். நீண்ட மௌனம். டக். வெளியே சோபாவின் நுனியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தன்னைப் பற்றி ஒருவர் எழுத்து எழுத்தாகத் தட்டுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது தேர்வு முடிவுக்குக் காத்திருப்பதைவிடக் கொடுமையாக இருந்தது. நடுவில் ஒரே விசையை விடாமல் தட்டும் சத்தம் வந்தது.

“அழிக்கிறார்” என்றார் மனைவி, பிஸ்கட் தட்டை நீட்டியபடி. “பயப்படாதே. கடைக்குச் சாமான் எழுதினாக்கூட அழிச்சு அழிச்சுதான் எழுதுவார்.”

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏம்மா, நீ என்கிட்ட பூஜ்யம் வாங்கினது எந்த வருஷம்?”

“ரெண்டாம் வருஷம் சார்” என்றாள் ஈனஸ்வரத்தில்.

மறுபடி டக், டக். அதையும் எழுதினாரா, எழுதினால் எப்படி எழுதினார் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

விண்ணப்பங்கள் போய்ச் சேர்ந்தன. குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் பதில்கள் வந்தன. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று ஆரம்பித்தால் மேலே படிக்கவேண்டியதில்லை என்பது இரண்டாவதிலேயே புரிந்துவிட்டது. அம்மாவுக்கு அந்தப் பொறுமைகூட இல்லை. “‘மகிழ்ச்சி’ன்னு போட்டிருக்கா, ‘வருத்தம்’னு போட்டிருக்கா, அதை மட்டும் சொல்லு” என்பாள். வருத்தம், வருத்தம், வருத்தம் என்று வந்துகொண்டிருந்தது. வெட்கமாக இருந்தாலும், ஒவ்வொரு மறுப்பும் வந்த அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

பிறகு ஒரு மகிழ்ச்சி வந்தது. இடம் உண்டு, கட்டணம் இல்லை. பதிலுக்கு அங்குள்ள முதலாண்டு மாணவர்களுக்கு வாரந்தோறும் வகுப்பு எடுக்கவேண்டும். அவள் அதைப் படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டு, வேலைக்குப் போய் அட்டவணை போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கெடைச்சிடுச்சும்மா.”

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “அப்புறம் ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு?”

“கெடைச்சிடுச்சேம்மா!”

அம்மா ஊசியை வைத்துவிட்டு அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். “எனக்கும் பயமாத்தான்டி இருக்கு” என்றாள்.

அடுத்த வாரம், திரும்பி வந்த அந்த மாணவனைத் தேடிப் போனாள். தன் அக்கா கணவரின் ஜெராக்ஸ் கடையில் இருந்தான். பேராசிரியர் பெயரைச் சொன்னதும் முகம் இறுகியது. மெஷினில் காகிதத்தை அடுக்கிக்கொண்டே இருந்தான். அவள் போகவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணா, அங்க என்ன ஆச்சுன்னு சொன்னா போதும். எனக்குத் தெரியாம இருக்கறதுதான் தாங்க முடியல.”

“ஒண்ணும் ஆகல” என்றான். “யாரும் என்னைத் திட்டல, அடிக்கல. நானா யார்கிட்டயும் பேசல. எல்லாம் எனக்கே தெரியும்னு இருந்தேன். ஒரு பரீட்சையில சறுக்கினப்போ, சொல்றதுக்கு ஆள் இல்ல. அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன். அப்புறம் தினமும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு. ஒரு கட்டத்துல என் குரலே எனக்கு மறந்துபோச்சு.” மெஷினின் மூடியைச் சாத்தினான். “பேசு. தினம் யார்கிட்டயாவது பேசு. கடைக்காரன்கிட்டயாவது பேசு. நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லு.”

கிளம்பும்போது கடை வாசல்வரை வந்தான். “சாரைப் பார்த்தா, அவர்மேல எனக்குக் கோபம் இல்லன்னு சொல்லிடு” என்றான். அன்றைக்கே போய்ச் சொன்னாள். சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சரி, விசா உண்டு, போகலாம் என்றார். அவளுக்குக் கால் நகரவில்லை. பின்னால் நின்றவர் “முடிஞ்சிடுச்சும்மா, கொஞ்சம் வழி விடு” என்று சொல்லவேண்டியிருந்தது.

மருத்துவமனையில் கடைசி நாள் துணி ஸ்டோருக்குப் போனாள். அந்த நர்ஸ் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், அந்த நம்பரை வச்சு உங்க தப்புன்னு சொல்லவே முடியாது. விசாரிச்சுட்டேன்.”

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. “இப்போ வந்து சொல்றியா?” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை அறுத்தது. பிறகு, “அந்தப் பக்கம் பிடி” என்று போர்வையின் மறுமுனையை நீட்டினார். இருவரும் சேர்ந்து அந்த அடுக்கு முழுவதையும் மடித்தார்கள்.

விமானத்தில் அவள் கண்ணை மூடவில்லை. போய் இறங்கிய ஊரில், மாடியறையில், பக்கத்து அறைப் பெண்ணின் மொழி வேறு. ஆனாலும் தினமும் கதவைத் தட்டி ஒரு வாக்கியமாவது பேசினாள். அம்மாவிடம் போனில், “இன்னைக்கு நல்லா இல்லம்மா” என்று சொன்ன நாட்களே முதல் மாதத்தில் அதிகம். அம்மா பதறவில்லை. “சரி, நாளைக்கு எப்படி இருக்குன்னு சொல்லு” என்பாள்.

முதல் வகுப்புக்கு முன் கழிப்பறையில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அறை நிறைய முகங்கள். பேச வராததால் முதலில் பலகையில் எழுதினாள். எழுத்து கோணலாக மேலே மேலே ஏறிப் போயிற்று. சராசரி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினாள். பாதியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். கேள்வி புரிந்தது, விடை தெரியவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“எனக்குத் தெரியவில்லை. படித்துவிட்டு அடுத்த வகுப்பில் சொல்கிறேன்” என்றாள் தன் ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் கேள்வியை ஓரமாகக் குறித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். அவள் பலகை பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து எழுதினாள்.