பொம்மை நிமிர்ந்த நாள்

அந்தக் கல்யாண உடுப்புக் கடையில் அவளை எல்லோரும் பொம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பிளாஸ்டிக் பொம்மைக்கும் அவளுக்கும் நூல் பிசகாமல் ஒரே அளவு. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அது வாயைத் திறக்காது, இவள் மூடமாட்டாள்.

மணப்பெண் வெளியூரில் இருப்பாள், அல்லது அவளுக்கு லீவு கிடைத்திருக்காது. அவளுக்குப் பதில் அம்மாவோ அக்காவோ அத்தையோ கவுன் பார்க்க வந்திருப்பார்கள். பொம்மை அந்தக் கவுனை மாட்டிக்கொண்டு நடுக்கூடத்து மேடையில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, நாலு எட்டு நடந்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து காட்ட வேண்டும். அதுதான் உத்தியோகம். பிடித்துப்போனால் தையல்காரர் கழுத்தில் டேப்போடு வருவார். வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி, "யாருக்கு?" என்று கேட்பார். "வெளியூர்ப் பொண்ணுக்கு" என்றோ, "டீச்சரம்மா தங்கச்சிக்கு" என்றோ பொம்மை பதில் சொல்வாள். "இந்த ஊர்ல பாதிப் பொண்ணுங்களுக்கு முன்னாடி நான்தான் மணப்பெண்ணா நின்னிருக்கேன்" என்று பீற்றிக்கொள்வாள். பீற்றல்தான், ஆனால் பொய்யில்லை. கடையில் அவள் உடம்புதான் அளவுகோல். ஒரு கவுன் பொம்மைக்குச் சரியாக உட்காரவில்லை என்றால் குற்றம் கவுன்மேல்தான்.

சும்மா நிற்கிற வேலைதானே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதுகை நிமிர்த்தி, கழுத்தை ஒரு மாதிரி நீட்டி அவள் நின்றால் கோணிச் சாக்குகூட விலைபோய்விடும். எதையும் விற்கத் தெரிந்தவளுக்கு எதையும் விற்காமல் இருக்கவும் தெரியும். அந்த வித்தையை அவள் ஒரே ஒரு கவுனிடம் மட்டும் காட்டினாள்.

அது மூன்று வருஷத்துக்கு முன் கடைக்கு வந்தது. பெட்டியைப் பிரித்தவளே அவள்தான். பாலாடை நிறத் துணி. இடது தோளில் கிளம்பிய ஒரு வெள்ளிக் கொடி மார்பில் சாய்ந்து, இடுப்பை வளைத்துக்கொண்டு, கீழ் ஓரம் வரை இறங்கி ஓடியது. இலைக்கு இலை சமிக்கி, மொட்டுக்கு மொட்டு கண்ணாடி மணி. எத்தனையோ கவுன் போட்டுக் கழற்றியவள், இதைப் பார்த்து வாயடைத்துப் போனாள். இது எனக்கு வேண்டும் என்று தோன்றியது. ஆனால் யாரிடம் சொல்வது? அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்று. மாப்பிள்ளையும் இல்லை, மாப்பிள்ளை பற்றிய பேச்சும் வீட்டில் ஓய்ந்து போயிருந்தது.

அதனால் திருட்டு வேலையில் இறங்கினாள். அந்தக் கவுனை யாராவது கேட்டால், ஜிப் ஏறும்போதே இடது தோளைக் கொஞ்சம் தொங்கவிட்டுவிடுவாள். அவ்வளவுதான். கொடி தளர்ந்து, இடுப்பில் மடிந்து சுருங்கி, பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிடும். வந்தவர்கள் முகத்தைச் சுளித்து, "வேற காட்டும்மா" என்பார்கள். "ஆமாங்க, தொங்கும்போதுதான் அழகு. போட்டா எடுப்பா இல்லை" என்று பொம்மையும் ஒத்து ஊதுவாள். முதலாளியம்மா அதற்கு ராசியில்லாத கவுன் என்றே பெயர் வைத்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் கடை லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே, வேறு யாருக்கோ காட்ட வேண்டிய கவுனில் பொம்மை. கதவை நெம்பித் திறந்த லிஃப்ட் மெக்கானிக் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கம்பியில துணி மாட்டிக்கும், தூக்கிப் பிடிச்சுக்குங்க" என்றான். மணப்பெண்களின் அண்ணன் தம்பிகள் பல்லை இளித்துக்கொண்டு பார்ப்பதையே பார்த்துப் பழகியவளுக்கு, துணிமேல் அக்கறைப்பட்ட முதல் ஆண்பிள்ளை இவன்தான். அதற்கப்புறம் அந்த லிஃப்ட் அடிக்கடி பழுதாயிற்று. எப்படி என்று விளக்கத் தேவையில்லை.

நேற்றுத்தான் இரண்டு வீட்டாரும் பேசிக் கல்யாணத்துக்குத் தேதி குறித்தார்கள். இன்று காலை பொம்மைக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். 'மேடம், அந்தக் கவுன் சும்மாதானே தொங்குது...' இல்லை, இது இரவல் கேட்பது போல இருக்கிறது. 'மேடம், எனக்குக் கல்யாணம்!' ஆமாம், முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

கடைக்குள் நுழைந்தால், முதலாளியம்மாவுக்கு எதிரில் ஒரு அம்மாள் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"பொம்மை, சீக்கிரம் வா. அந்தக் கொடி போட்ட கவுனை மாட்டிக்கிட்டு வா. இவங்க மகளுக்கு. உன் அளவுதான்" என்றார் முதலாளியம்மா.

சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு தோள் போதுமே! டிரையல் ரூமில் கவுனை மாட்டினாள். தோளில் ஏதோ மெத்தென்று பட்டது. இருந்த படபடப்பில் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஜிப் ஏறியது, தோள் இறங்கியது. தொங்கிய தோளோடு மேடையில் போய் நின்றாள்.

"அய்யோ, என்ன அழகு!" என்று அந்த அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார்.

பொம்மைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியைப் பார்த்தாள். தோள் தொங்கித்தான் இருந்தது. ஆனால் கொடி ஒரு மடிப்பு இல்லாமல், வரைந்து வைத்த மாதிரி இடுப்பைச் சுற்றி இறங்கியது. அதே கண்ணாடியில், வாசலில் நின்ற தையல்காரரின் சிரித்த முகமும் தெரிந்தது.

"ராசியாவது ஒண்ணாவது! வெட்டினதுலதான் மேடம் கோளாறு. இடது தோள்ல பஞ்சு அடைச்சு ஷோல்டர் பேட் வெச்சேன், இடுப்புல துணியைப் பிடிச்சேன், மணியெல்லாம் பிரிச்சு மறுபடி கோத்தேன். ஒரு வாரமா கண்ணே போச்சு" என்றார் அவர்.

பொம்மை உடம்பு தப்பாகாது என்று நம்பிய அந்தப் புண்ணியவான், அவள் தொங்கவிட்ட தோளுக்கே கவுனைத் தைத்து வைத்திருக்கிறார்! பாராட்டுவதா, அழுவதா?

"இதுவே இருக்கட்டும். பில் போட்டுடுங்க" என்றார் அந்த அம்மாள்.

முதலாளியம்மாவின் கை மேஜை இழுப்பறைக்குப் போனது. பொம்மை மூன்று வருஷம் காப்பாற்றியது, தேதி குறித்த மறுநாள் கைவிட்டுப் போகிறது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கக்கூட இல்லை. நிமிர்ந்தாள். அந்தக் கவுனுக்குள் அவள் நிமிர்வது அதுதான் முதல் தடவை.

பேட் வைத்த இடது தோள் காதைத் தொட எழும்பியது. இடுப்பு வெடுக்கென்று இழுத்தது. கொடி கோணிக்கொண்டது. ஒரு கண்ணாடி மணி தெறித்து, மேடையிலிருந்து உருண்டு, அந்த அம்மாளின் செருப்பருகே போய் நின்றது.

"என்னம்மா இது, இப்பதானே நல்லா இருந்துச்சு? என் பொண்ணு நிமிர்ந்து நடக்கிறவ. அவளுக்கு இது சரிப்படாது" என்றார் அவர்.

அடுத்து ஒரு முத்துவேலைக் கவுனைப் பொம்மை உயிரைக் கொடுத்துப் போட்டுக் காட்டினாள். அந்த அம்மாள் வாயெல்லாம் பல்லாக அதை வாங்கிக்கொண்டு போனார். கதவு மூடியதும் முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் கொடி கவுனை மறுபடி போட்டுக்கிட்டு வா."

போட்டுக்கொண்டு வந்தாள்.

"நிமிரு." கவுன் கோணியது. "தோளை விடு." கவுன் நேரானது. முதலாளியம்மா அந்தத் தோளையே பார்த்தார். "அடிப்பாவி! மூணு வருஷமாவா?"

"அப்போ என் கண்ணு?" என்று கத்தினார் தையல்காரர். வாயிலிருந்த குண்டூசிகள் தரையில் சிதறின.

பொம்மைக்குப் பஸ்ஸில் அடுக்கி வைத்திருந்த வார்த்தை எதுவும் கைகொடுக்கவில்லை. "எனக்கு வேணும் மேடம். எனக்குக் கல்யாணம்" என்றாள்.

"அந்த லிஃப்ட்காரரா?" முதலாளியம்மாவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. "சரி, உனக்குத்தான் இவ்வளவு வாய் இருக்கே. அன்னைக்கே கேட்டிருந்தா எடுத்து வெச்சிருக்க மாட்டேனா?"

"யாருக்குன்னு கேட்டிருப்பீங்க மேடம். அப்ப நான் என்னன்னு சொல்றது? கல்யாணமே கூடிவராதவளுக்குக் கல்யாண கவுன் எதுக்குன்னு எல்லாரும் சிரிச்சிருப்பீங்க."

முதலாளியம்மா சிரித்துத்தான் இருப்பார். அது அவருக்கும் தெரியும். மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு குனிந்து, உருண்டு கிடந்த மணியை எடுத்து, தையல்காரர் உள்ளங்கையில் வைத்தார்.

"பேடைப் பிரிச்சு எடுத்துடுங்க. இடுப்பையும் பழையபடி ஆக்கிடுங்க. பொம்மை, நீயே எடுத்துக்கோ. தள்ளுபடின்னு மட்டும் கேட்டுப் பாரு, தொலைச்சுடுவேன்."

"இன்னொரு வாரம் கண்ணு போச்சு" என்று முணுமுணுத்தபடி தையல்காரர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். பொம்மை மேடையில் ஏறினாள். பழக்கதோஷம், தோள் தானாக இறங்கியது. அவர் டேப் நுனியால் அதைத் தட்டினார். நிமிர்ந்தாள்.

டேப்பை அவள் தோளில் வைத்ததும், அவருக்கும் பழக்கதோஷம். "யாருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

"எனக்குண்ணே. எனக்குத்தான்" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள் பொம்மை.