எர்த் துளையில் எரிந்த விளக்கு

யாராவது செத்தால் "அவன் நேரம் அவ்வளவுதான்" என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள், இல்லையா? எதனால் செத்தான் என்று கேட்காமலே வீடு திரும்பியும் இருப்பீர்கள். வால்வு செத்தபோது எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்.

வால்வு என்பது பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். பம்பு செய்யும் பட்டறையில் லேத் ஓட்டினான். விடுமுறை நாட்களில் ஒரு பாட்டுக் குழுவில் கிதார் வாசித்தான். பழைய ரேடியோவில் இருக்குமே கண்ணாடி வால்வு, அதை வைத்துச் செய்த சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்துவந்து, ஊரெல்லாம் அதன் புராணம் பாடினான்.

"சூடேற கொஞ்சம் நேரமாகும். ஏறிட்டா அந்தச் சத்தத்துக்கு ஈடே கிடையாது."

"உன் கோவம் மாதிரி" என்பாள் மனைவி. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை. வாய் அவளுக்கு ஊசியைவிடக் கூர்.

அந்தப் பெட்டியில் ஒரு கோளாறு. கிதார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று இழுக்கும். பழைய டூ-பின் ஒயர், எர்த் கிடையாது. போதாக்குறைக்கு, இரைச்சலைக் குறைக்க மின்கம்பியிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு ஒரு கெப்பாசிட்டர் வைத்திருந்தார்கள். அது கெட்டால் சட்டம் முழுக்கக் கரண்டு, அதோடு இணைந்த கிதார் கம்பியிலும் கரண்டு.

"கட்டெறும்பு கடிச்ச மாதிரிதான்டி இருக்கு."

"இன்னைக்குக் கட்டெறும்பு, நாளைக்குக் கட்டுவிரியனா? சரிபண்ணாம மேடை ஏறினே, வீட்டுல சோறு கிடையாது."

"சரி தாயே, டார்ச்சைப் பிடி."

சமையலறைத் தரையில் துணி விரித்துப் பெட்டியைத் திறந்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் கை வைத்தான். கெப்பாசிட்டரை வெட்டி எறிந்தான். த்ரீ-பின் ஒயர் போட்டு, பச்சைக் கம்பியைச் சட்டத்தில் போல்ட் வைத்து முறுக்கினான்.

"இனி உள்ளே என்ன பழுதானாலும் எர்த்துக்குப் போயிடும். ஃபியூஸ் போகும், நான் போகமாட்டேன்."

அவளே கம்பியைப் பிடித்து மைக்கைத் தொட்டுப் பார்த்தாள். கடிக்கவில்லை. "கரண்டு சரியாயிடுச்சு. சுருதியை எப்போ சரிபண்ணப்போறே?" என்றாள்.

அடுத்த நிகழ்ச்சி ஒரு விழா அரங்கில். மேடையின் இடது ஓரத்தில் புதிதாகப் பதித்த சாக்கெட்டில் பிளக்கைச் சொருகினான். வால்வுகள் சிவந்தன. கிதாரை மாட்டிக்கொண்டு மைக்கைப் பிடித்து "ஹலோ" என்றான். மைக்கை விடவே இல்லை.

வீட்டில் நோண்டிய பெட்டி கொன்றுவிட்டது என்றார் அரங்க மேலாளர். போலீஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். விதிக்கு ஒயரிங் தெரியுமா? அவள் மட்டும் சுவரைப் பார்த்தபடி, "நான்தானே மாத்தச் சொன்னேன். நான்தானே டார்ச் பிடிச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன்தான் வாயைத் திறந்தான். "அக்கா, பெட்டியைத்தான் எல்லாரும் பார்க்கிறாங்க. அதை எங்கே சொருகினான்னு யாரும் பார்க்கலையே."

கணவனின் டெஸ்டரை எடுத்துக்கொண்டு தனியாகவே அரங்குக்குப் போனாள். சாக்கெட்டின் மேல் துளை, கரண்டே இருக்கக்கூடாத எர்த் துளை. அதில் டெஸ்டரை வைத்தாள். விளக்கு எரிந்தது.

"டெஸ்டர் பழசா இருக்கும்மா" என்றார் மேலாளர்.

"அப்போ உங்க விரலை வைங்க சார்."

அவர் வைக்கவில்லை.

அந்த சாக்கெட்டைப் பதித்த வயர்மேனைப் பிறகு, இதை எழுதுவதற்காக விசாரித்தபோது, நான் தேடிப் பிடித்தேன். மூன்று கம்பி இழுக்க வேண்டிய இடத்தில் இரண்டு போதும் என்றாராம் அரங்க முதலாளி. எர்த் இருப்பதாகக் காட்ட, கரண்டு திரும்பிப்போகும் நியூட்ரல் துளையிலிருந்து எர்த் துளைக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு துண்டுக் கம்பி. அவசரத்தில் கரண்டுக் கம்பியும் நியூட்ரல் கம்பியும் இடம் மாறிவிட்டன. நியூட்ரல் இருக்க வேண்டிய இடத்தில் கரண்டு. துண்டுக் கம்பி வழியே எர்த் துளையிலும் கரண்டு. டூ-பின் சாமான்கள் எல்லாம் ஒழுங்காக ஓடின. வால்வு ஒழுங்காக முறுக்கிய பச்சைக் கம்பிதான் அந்தக் கரண்டைச் சட்டத்துக்கும் அவன் விரலுக்கும் கொண்டுவந்தது. ஃபியூஸைத் தொடாமலே அது அவன் உடம்பு வழியாக மைக்குக்கு இறங்கியது. பழைய ஒயரோடு போயிருந்தால் பிழைத்திருப்பான்.

"இதைப் போலீசில் சொல்வாயா?" என்றேன்.

"எனக்கும் குடும்பம் இருக்கு சார்."

டெஸ்டர் எரிந்த மறுநாள் அவள் போலீஸ்காரர் ஒருவரை எப்படியோ கூட்டிக்கொண்டு போனாள். சாக்கெட் இருந்த இடத்தில் ஈரம் காயாத சிமென்ட். "இங்கே என்னம்மா இருந்தது?" என்றார் அவர். வழக்கு முடிந்தது. பதிவுகளில் வால்வு இன்றைக்கும் தன் கைவேலையால் தன்னைத்தானே கொன்றுகொண்டவன்தான். "மாத்தினது தப்பில்லைன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சு என்ன?" என்றாள் என்னிடம்.

உங்கள் பிள்ளை ஏறப்போகும் மேடையின் சாக்கெட்டுக்கு இன்றே ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துப் போங்கள். எர்த் துளையை உங்கள் கண் முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் மேலாளரிடம் வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் படம் எடுங்கள், இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுங்கள், போலீஸ் வரும்வரை அந்தச் சுவரை விட்டு நகராதீர்கள்.